கல்லுப்பை வைத்து நாலு பாடம்

பத்தாம் வகுப்பு வரைக்கும் நம் ஊர் அறிவியல் புத்தகத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே அட்டைக்குள் இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. பாறையும் கடலும் அந்தப் புத்தகத்திலேயே கிடையாது. அவை சமூக அறிவியலுக்குப் போய், வரலாற்றுக்கும் குடிமையியலுக்கும் நடுவில் புவியியல் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். பதினொன்றாம் வகுப்பு வந்ததும் எல்லாமே தனித்தனிப் புத்தகம், தனித்தனி வாத்தியார், தனித்தனி டியூஷன். பாடவேளை பிரிக்க வசதிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேதியியல் வாத்தியார் தெவிட்டிய கரைசல் என்கிறார், உயிரியல் டீச்சர் சவ்வூடு பரவல் என்கிறார், இயற்பியலில் ஆவியாதல் வருகிறது, புவியியலில் கடலின் உப்புத்தன்மை வருகிறது. நாலுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்தக் கேள்வி இதுதான். ஒன்று மாறாமல் இருக்கிறது என்றால் அங்கே எதுவுமே நடக்கவில்லையா, இல்லை வருவதும் போவதும் சமமாக இருக்கிறதா? சமமாக இருக்கிறது என்றால், அதற்கு யாராவது விடாமல் செலவு செய்துகொண்டிருக்கிறார்களா, இல்லை சும்மாவே அப்படி நிற்கிறதா?

என் அக்கா மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் இந்தக் கட்டுரை உருவானது. இதில் வரும் நல்ல கேள்விகள் பாதி அவளுடையவை. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேசியதெல்லாம் ஒரு கை கல்லுப்பைப் பற்றித்தான்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் முள்ளக்காடு பக்கம் வந்தால் இரண்டு புறமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீரும், வெள்ளைக் குவியல்களும் கண்ணைக் கூசும். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான். காரணம் மலை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக இறங்குகிறது. அங்கே வெள்ளம், இங்கே உப்பு. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், தை பிறந்த பிறகுதான் மறுபடி பாத்தி மிதித்துத் தயார் செய்வார்கள்.

அளத்தில் பல வருஷம் வேலை பார்த்த ஒரு அண்ணாச்சியிடம் ஒரு முறை பேசிக்கொண்டிருந்தபோது, "காயக் காய மெதுவாத்தான் காயும் தம்பி, கடைசித் தண்ணி லேசுல போகாது" என்றார். இயற்பியல் பாடத்தில் ஆவியாதல் பற்றிப் படித்தபோது எனக்கு யாரும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அலைவதில்லை. மேற்பரப்பில் வேகமாக இருப்பவை பிய்த்துக்கொண்டு காற்றுக்குப் போய்விடும், வேகமானவை போய்விடுவதால் மிச்சத் தண்ணீர் குளிரும். அதே நேரத்தில் காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவி மூலக்கூறுகள் கீழே வந்து தண்ணீரில் விழுந்துகொண்டும் இருக்கும். போவது அதிகம், வருவது குறைவு என்றால் பாத்தி காய்கிறது. உப்பு ஏற ஏற மேற்பரப்பில் தண்ணீரின் பங்கு குறைகிறது, இருக்கிற தண்ணீரையும் உப்பின் அயனிகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் வெளியேறுவது குறைந்துவிடும்; ஆனால் வந்து விழுவது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது, அது குறையாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. அண்ணாச்சி சொன்னது அதைத்தான்.

சரி, இதற்கு எவ்வளவு செலவு? கடல் நீர் ஒரு லிட்டரில் எல்லா உப்பும் சேர்த்து 35 கிராம் போல இருக்கும், அதில் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ உப்புக்குக் கிட்டத்தட்ட 40 லிட்டர் தண்ணீரைக் காற்றில் ஏற்ற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் நம் ஊர் வெயில் சூட்டில் ஆவியாக சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும், உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். நாற்பதால் பெருக்கி மின்சாரக் கணக்குக்கு மாற்றினால் 27 யூனிட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. இதை ஹீட்டர் வைத்துச் செய்திருந்தால் உப்பு ஒரு ஆடம்பரப் பொருளாகத்தான் இருந்திருக்கும். சூரியன் பில் அனுப்புவதில்லை, அதனால் கிலோ உப்பு கடையில் அற்ப விலைக்குக் கிடைக்கிறது. (அந்த வெயிலில் நின்று வாருபலகை இழுப்பவர்களின் கூலியும் குறைவு என்பது இன்னொரு காரணம், அது தனிக் கட்டுரை.)

அளத்தில் எல்லாரும் "டிகிரி" என்றுதான் பேசுவார்கள். என்ன டிகிரி, டிகிரி ஏறிடுச்சா, இத்தனை டிகிரிக்கு மேல போகவிடாதே. இது வெப்பநிலை இல்லை. 1768-இல் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் ஒரு மிதவைக் கருவிக்கு அளவுகோல் போட்டார்: சுத்தத் தண்ணீரில் மிதந்தால் 0, நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்பு கலந்த கரைசலில் மிதந்தால் 15. ஆக அந்த அளவுகோலே உப்பை வைத்துப் பிறந்ததுதான், டிகிரி என்பது ஏறக்குறைய நூற்றுக்கு எத்தனை பங்கு உப்பு என்பதே. கடல் தண்ணீர் 3 டிகிரியை ஒட்டி வரும். தெப்பத்தில் (கடல் தண்ணீரை முதலில் தேக்கி வைக்கும் பெரிய பாத்தி) நின்று காய்ந்து, பாத்திக்குப் பாத்தி மாறி, முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் 13, 15 டிகிரி தாண்டும்போது ஜிப்சம், 25 டிகிரி வந்ததும் உப்பு. 29, 30-ஐ நெருங்கும்போது மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசந்துவிடும். 1849-இல் உசிலியோ என்ற இத்தாலிய வேதியியலாளர் மத்தியதரைக் கடல் தண்ணீரைக் காயவைத்து இந்த வரிசையை எடை போட்டு எழுதிவைத்தார். அளத்துக்காரர்களுக்கு அது அதற்கு முன்பே கையில் இருந்த அறிவு, எழுத்தில்தான் இல்லை.

25 டிகிரியில் என்ன நடக்கிறது என்பதில்தான் வேதியியல் ஆரம்பிக்கிறது. அந்த நிலையைத் தெவிட்டிய கரைசல் என்று படித்திருப்போம்: இதற்கு மேல் கரையாது. "கரையாது" என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் நின்றுவிட்டது என்றுதான் தோன்றும். நிற்கவில்லை. அடியில் கிடக்கும் படிகத்திலிருந்து அயனிகள் கழன்று தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கின்றன, அதே அளவு தண்ணீரிலிருந்து வந்து படிகத்தில் ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. தெவிட்டிய உப்புக் கரைசலுக்குள், கதிரியக்கச் சோடியம் கலந்த உப்புக்கல் ஒன்றைப் போட்டால், கல் எடை குறையாது, ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரைச் சோதித்தால் அதில் கதிரியக்கம் இருக்கும். கல் அதே கல் போலத்தான் கிடக்கும், உள்ளே இருக்கும் அயனிகள் ஆள் மாறியிருக்கும். இதற்கு யாரும் எதுவும் செலவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். மூடி போட்டு வைத்துவிட்டால் நூறு வருஷம் கழித்தும் இப்படியே நடந்துகொண்டிருக்கும். சும்மா நிற்கும் வகை இது.

இன்னொரு சின்ன விஷயம். சர்க்கரைப் பாகை ஆறவைத்தால் கற்கண்டு விளைகிறது, உப்புத் தண்ணீரை ஆறவைத்தால் பெரிதாக ஒன்றும் விளையாது. உறைகிற குளிரில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும், கொதிக்கும்போதும் 39 கிராம்தான். சூடு ஏறினாலும் இறங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, தண்ணீரையே அகற்றினால்தான் உப்பு வெளியே வரும். அதனால்தான் உப்புக்கு வெயிலும் காற்றும், கற்கண்டுக்குப் பொறுமை மட்டும்.

அந்தக் கல்லுக்குள் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் இரண்டு பேருமே ஆபத்தானவர்கள். சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம், தண்ணீர் பட்டால் சீறிப் பற்றிக்கொள்ளும், மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துத்தான் ஆய்வுக்கூடத்தில் வைத்திருப்பார்கள். ஹம்ப்ரி டேவி 1807-இல் காஸ்டிக் சோடாவை உருக்கி மின்சாரம் பாய்ச்சித்தான் அதை முதல் தடவை பிரித்தெடுத்தார். குளோரின் பச்சை கலந்த மஞ்சள் வாயு, 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ர போர்முனையில் ஆயுதமாகவே திறந்துவிட்டார்கள். சோடியத்திடம் 11 எலக்ட்ரான், அதில் கடைசி ஒன்று லேசாகக் கழலும். குளோரினிடம் 17, இன்னும் ஒன்று கிடைத்தால் அதன் வெளிக்கூடு நிரம்பிவிடும். ஒன்று கை மாறியதும் இரண்டுமே அடங்கிப்போய்ச் சாம்பாரில் விழத் தயாராகிவிடுகின்றன.

அக்கா மகள் நோட்டில் ஒரு சோடியம், ஒரு குளோரின், நடுவில் ஒரு கோடு என்று படம் போட்டு "உப்பு மூலக்கூறு" என்று எழுதியிருந்தாள். இதில் அவளைத் திட்ட வழியில்லை, பெரிய பெரிய ஆட்களே அப்படித்தான் நம்பினார்கள். 1913-இல் வில்லியம் பிராக், அவர் மகன் லாரன்ஸ் பிராக் இருவரும் உப்புப் படிகத்துக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தபோது ஜோடி ஜோடியாக எதுவுமே தென்படவில்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம், மேலும் கீழும் பக்கவாட்டிலும் கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று சொல்லவே முடியாது, உப்பு மூலக்கூறு என்று ஒன்று அந்தப் படிகத்தில் இல்லை. 1915-இல் இருவருக்கும் நோபல், மகனுக்கு அப்போது வயது 25. அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்தும், 1927-இல், ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி, சதுரங்கப் பலகை மாதிரி உப்பா, இது பொது அறிவுக்கே ஒவ்வாது என்று கொதித்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கோபமே வருவதில்லை. ஒரு தலைமுறை முழுக்கச் சோறு போட்ட மூலக்கூறு என்ற கருத்து இங்கே செல்லாது என்றால் யாருக்குத்தான் வலிக்காது.

இந்தக் கட்டம் எவ்வளவு நெருக்கம் என்றால், 0.3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு தூள் உப்புத் துகளில் சோடியம்-குளோரின் ஜோடிகள் சுமார் ஆறாயிரம் கோடி கோடி. தட்டச்சுப் பிழை இல்லை, கோடி இரண்டு தடவைதான்.

இப்போது கடல். "ஆறெல்லாம் உப்பைக் கொண்டுவந்து கொட்டிக்கிட்டே இருக்கு, வெயில்ல தண்ணி மட்டும்தான் மேல போகுது, அப்போ கடல் ஏன் பாத்தி மாதிரி கெட்டியாகலை, மாமா?" இந்தக் கேள்விக்கு அறிவியல் உலகம் விடை தேட ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆனது.

தாமிரபரணித் தண்ணீர் கரிக்காது, ஆனால் அதிலும் சோடியம் உண்டு. மழை விழும்போதே காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் விழுகிறது, அது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் சோடியத்தையும் கால்சியத்தையும் பிரித்து ஆற்றில் சேர்க்கிறது. குளோரின் பெரும்பாலும் பூமியின் உள்ளிருந்து எரிமலை வழியாக வந்தது. எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான், 1715-இல் ஒரு யோசனை சொன்னார்: தண்ணீரின் உப்பு எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று அளந்தால் பூமியின் வயதைக் கணக்கிடலாம். 1899-இல் அயர்லாந்துக்காரர் ஜான் ஜோலி அதைச் செய்தே பார்த்தார். கடலில் மொத்தம் எவ்வளவு சோடியம், ஆறுகள் வருஷத்துக்கு எவ்வளவு கொண்டுவருகின்றன, அதை இதால் வகுத்தால் சுமார் 9 கோடி ஆண்டு. அந்தக் காலத்துக்கு இது பெரிய எண். கெல்வின் பிரபு பூமி குளிர்ந்த கணக்கை வைத்து 2 முதல் 4 கோடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பூமியின் வயது 454 கோடி ஆண்டு என்று இன்றைக்குத் தெரியும். ஜோலி எங்கே வழுக்கினார்? ஒரு டவுன் பஸ்ஸில் 60 பேர் இருக்கிறார்கள், நிறுத்தத்துக்கு 6 பேர் ஏறுகிறார்கள், ஆகவே பஸ் கிளம்பிப் பத்து நிறுத்தம்தான் ஆகிறது என்று கணக்குப் போடுவது போல அது. பின் வாசலில் 6 பேர் இறங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கவில்லை என்றால், அந்தப் பஸ் காலையிலிருந்து ஓடுவது தெரியவே தெரியாது. கடலிலிருந்தும் சோடியம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அலை உடையும்போது சாரலாகக் காற்றில் ஏறி நிலத்தில் விழுகிறது (ஆற்றில் வரும் சோடியத்தில் ஒரு பங்கு இப்படிக் கடலிலிருந்தே வந்தது, அதாவது ஏறினவரே மறுபடி ஏறுகிறார்), கடலடிக் களிமண்ணிலும் எரிமலைப் பாறையிலும் பிடிபடுகிறது, கடல் துண்டுபட்டுக் காய்ந்துபோன இடங்களில் பாறை உப்பாகப் புதைகிறது.

ஆனாலும் ஜோலியின் கணக்கு வீண் இல்லை, அவர் விடை வேறொரு கேள்விக்குச் சரியான விடை. பஸ்ஸில் ஒரு ஆள் சராசரியாக எத்தனை நிறுத்தம் பயணம் செய்கிறார் என்று கேட்டால், பத்து. ஒரு சோடியம் அயனி கடலுக்குள் வந்தால் சராசரியாக எவ்வளவு காலம் தங்கும் என்று கேட்டால் வரும் விடையும் பல கோடி ஆண்டு, ஜோலியின் எண்ணின் பக்கத்தில்தான். புவியியலாளர்கள் இதைத் தங்கு காலம் என்கிறார்கள். கடலின் உப்பு மாறாமல் இருப்பது மூடிய பாட்டிலில் தெவிட்டிய கரைசல் மாறாமல் இருப்பது போல இல்லை. வெயில் தண்ணீரை ஏற்ற வேண்டும், மழை பாறையை அரிக்க வேண்டும், பூமியின் உள்வெப்பம் கடலடித் தரையை நகர்த்த வேண்டும். செலவு நின்றால் இந்தச் சமநிலையும் போய்விடும். இது இரண்டாவது வகை.

கடல் துண்டுபட்டுக் காய்ந்தது என்றேனே, அதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1970-இல் குளோமர் சாலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் மத்தியதரைக் கடலின் அடியில் துளை போட்டபோது ஜிப்சமும் உப்பும் மேலே வந்தன. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் கடலோடு இருந்த தொடர்பு அடைபட்டு அந்தக் கடல் வற்றத் தொடங்கியிருக்கிறது, சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தடிமனாக உப்பு படிந்து கிடக்கிறது. சுண்ணாம்பு, ஜிப்சம், உப்பு என்று முள்ளக்காட்டுப் பாத்தியின் அதே வரிசைதான், அளவு மட்டும் வேறு. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் இந்துப்பும் இப்படிக் காய்ந்த கடல்தான், இன்னும் பழசு, ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேல். பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வரும் அந்தக் கல்லுக்கு இளஞ்சிவப்பு கொடுப்பது இரும்பு. "கடல் உப்பை விட்டுட்டு இமயமலை உப்புக்கு மாறிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கொஞ்சம் பழைய கடலுக்கு மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான், விலைதான் பல மடங்கு.

உயிரியலுக்கு வருவோம், ஏனென்றால் செலவு செய்து நிற்கும் வகை அங்கேதான் தெளிவாகத் தெரியும். மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் அடுத்த நாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது, துண்டு சுருங்கியிருக்கிறது. நாம் தண்ணீர் ஊற்றவில்லை, செல்லுக்குள்ளிருந்து உப்பு அதிகமான பக்கம் நோக்கி வெளியே வந்தது. சவ்வூடு பரவல் அதுதான். ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பது, அதில் வந்து உட்காரும் பாக்டீரியாவுக்கும் இதே கதி நேர்வதால்.

நம் உடம்பில் செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சோடியம் ஒரு லிட்டருக்கு வெளியே 145 மில்லிமோல் என்றால் உள்ளே 12 போலத்தான். சவ்வில் கசிவு உண்டு, சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் கலந்துவிடும். கலக்காமல் இருப்பதற்குக் காரணம் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதப் பம்பு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார், நாற்பது வருஷம் கழித்து 1997-இல் வேதியியல் நோபல் வந்தது. வேதியியலா உயிரியலா என்று யாரும் சண்டை போட்ட மாதிரி தெரியவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் நரம்பு வேலை செய்கிறது. கணவாய் மீன் வகை ஒன்றின் உடம்பில் கண்ணுக்கே தெரிகிற தடிமனில் ஒரு நரம்பிழை உண்டு. அதற்குள் கம்பியைச் செருகி ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பிரிட்டன் அறிவியலாளர்கள் மின்னழுத்தத்தை அளந்தார்கள், 1952-இல் கணக்கோடு வெளியிட்டார்கள். ஓய்வில் வெளியைவிட உள்ளே சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. சவ்வில் இருக்கும் கதவு திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது, மின்னழுத்தம் தலைகீழாகிறது, அந்த அலைதான் செய்தி. இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண்ணிலிருந்து மூளைக்குப் போவதும் உப்பின் பாதிதான். பம்பு நின்று உள்ளும் வெளியும் ஒன்றானால் அது தெவிட்டிய கரைசல் போலச் சும்மா நிற்கும் சமநிலை. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சாவு.

இந்தப் பம்பை நம்பித்தான் ஓஆர்எஸ் இருக்கிறது. காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும், வெறும் தண்ணீர் குடித்தால் ஏறாது, உப்புத் தண்ணீரும் சரியாக ஏறாது. ஆனால் குடல் சவ்வில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் மட்டும் உள்ளே விடுகிற ஒரு வழி இருக்கிறது என்று ராபர்ட் கிரேன் 1960-இல் சொன்னார், காலரா அந்த வழியைக் கெடுப்பதில்லை. சோடியம் அந்த வழியாக உள்ளே சரிவதற்குக் காரணமே மறுபக்கம் பம்பு அதை வெளியேற்றிக்கொண்டிருப்பதுதான். சோடியமும் சர்க்கரையும் போன பின்னால் தண்ணீரும் போகும். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையில் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநபிஸ், நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். முகாமில் முப்பது சதவீதம் வரை போன இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஆறு சமமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இது எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். உப்பு அதிகமாகிவிடக் கூடாது என்பதும்.

அளத்தில் டிகிரி ஏறும்போது தண்ணீர் சில சமயம் சிவக்கும். அதுவும் உயிர்தான். டுனாலியெல்லா என்ற பாசி, வெளியே உப்பு ஏற ஏறத் தனக்குள் கிளிசராலைச் சேர்த்துக்கொண்டு சுருங்காமல் தப்பிக்கிறது, வெயிலுக்குப் பாதுகாப்பாக பீட்டா கரோட்டினையும் சேர்க்கிறது. அதைவிடத் துணிச்சலானவை ஆர்க்கியா வகை நுண்ணுயிரிகள்: உள்ளேயும் பொட்டாசியம் உப்பை நிரப்பிக்கொள்ளும், நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும். வெளிச்சத்தையே நேரடியாகப் பம்பு ஓட்டப் பயன்படுத்தும் ஒரு நிறமியும் அவற்றில் சிலவற்றிடம் உண்டு. இந்தச் சிவப்பு, வெயிலை அதிகமாக உறிஞ்சி, பாத்தி சீக்கிரம் காயவும் உதவுகிறது. பாசியை ஆர்டீமியா என்ற குட்டி இறால் தின்கிறது, கோடியக்கரைப் பக்கம் வரும் பூநாரைகளுக்கு அந்த ரோஜா நிறம் இப்படிப்பட்ட தீனியிலிருந்துதான் வருகிறது. குஞ்சு சாம்பல் நிறம்தான்.

வானியலை விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தழல் பளிச்சென்று மஞ்சளாகும், சோடியத்தின் ஒளி அது, 589 நானோமீட்டர். ஜெர்மனியின் பிரான்ஹோபர் 1814-இல் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது அதே இடத்தில் கறுப்புக் கோடு இருந்தது. ஒரு தனிமம் எந்த ஒளியை விடுகிறதோ அதையே வாங்கவும் செய்யும் என்று 1859-இல் கிர்க்காஃப் காட்டியதும், சூரியனில் சோடியம் இருப்பது உறுதியானது. 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் பார்த்தார்கள். சூரிய விளிம்பில் சோடியக் கோட்டின் இடத்திலோ அதை ஒட்டியோ ஒரு மஞ்சள் கோடு. அது சோடியம் இல்லை, ஹீலியம். பூமியில் அது கைக்குக் கிடைக்க 1895 ஆனது.

கடைசியாக எல்லா வீட்டிலும் வரும் புகார்: மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்த உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், அதற்குக் கீழே இழுக்காது. தெவிட்டிய உப்புத் தண்ணீரிலிருந்து போவதும் காற்றிலிருந்து வருவதும் சமமாகும் புள்ளி அது. மக்னீசியம் குளோரைடுக்கு அந்தப் புள்ளி 33 சதவீதம்தான், அதனால் கசப்பு நீர் சரியாக வடியாத கல்லுப்பு ஓரளவு வறண்ட காற்றிலும் பிசுபிசுக்கும். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஈரப்பதத்தைப் பாருங்கள்.

ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறது, பல மீட்டர்கள் பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போல ஆக்குங்கள், முழுசாகக் கரைந்துவிடக் கூடாது. மீட்டரையும் மூடியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மீட்டர் சொல்வதோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள். பொட்டாசியம் அதிகமான "லோ சோடியம்" உப்பில் செய்யாதீர்கள், அதன் எண் வேறு.